தினசரி வரும் கருப்பொருள் குறுக்கெழுத்தை எப்படி விடுவிப்பது? விடையை மற்றவர்களுக்கு எப்படி விளக்குவது?

கேள்வி கேட்டவருக்கு விடைகள் ஒவ்வொன்றாக வந்துவிடுகின்றனவாம். எல்லாவற்றையும் கோக்கும் கருப்பொருள்தான் பிடிபடுவதில்லை. வந்த விடையையும் "எப்படி வந்தது?" என்று வீட்டில் கேட்டால் சொல்லத் தெரியவில்லை என்கிறார். போன வாரம் இதே விஷயத்தில் என் மானம் போனது. அதையே சொல்கிறேன்.

என் தாய்மாமா கோபிச்செட்டிபாளையத்தில் இருக்கிறார், ஓய்வு பெற்ற தமிழாசிரியர். தினமும் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, ஆறு மணிக்கெல்லாம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் எடுத்துப் போட்டுவிடுவார். விடையை மட்டும் அனுப்பினால் மதிப்பெண் கிடையாது. எந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி எழுத வேண்டும். ராத்திரி ஒன்பது வரை குழுவில் யாரும் வாய் திறக்கக் கூடாது, அவருக்குத் தனியாகத்தான் அனுப்ப வேண்டும்.

அன்றைய தாளில் முக்கியமான குறிப்புகள் இவை. அடைப்புக்குறிக்குள் இருப்பது எழுத்துகளின் எண்ணிக்கை. புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு.

பனி நடுவே கூப்பிட்டால் ஜமக்காளம் நெய்யும் ஊர் (3)
உட்காரா, தங்கு! இந்திரனின் தலைநகர் (5)
உடைந்த அரிசியோடு முத்தமிழில் முதலாவது தலையிழந்து ஓடும் (4)
சோலையைப் பரப்பு, மூவரும் வந்து சேர்வார்கள் (3)
மேலிருந்து கீழ்: கொட்டிலில் காளை, ஆலையில் தேங்காய் எண்ணெய், எந்த ஊர்? (5)

முதலாவது டீ ஆறுவதற்குள் வந்துவிட்டது. "பனி"க்கு நடுவில் "வா" என்று கூப்பிட்டால் ப-வா-னி. இரண்டாவதில் உட்காரா என்றால் அமரா, தங்கு என்றால் வதி, சேர்த்தால் அமராவதி. இந்திரனின் ஊரும் அதுதான். இங்கேதான் எனக்குத் தலைக்கனம் ஏறியது. ஒரு குறிப்பு ஊர் என்கிறது, இன்னொன்று தேவலோகம் என்கிறது, ஆனால் விடை இரண்டும் ஆறு! ஆக, கருப்பொருள் கொங்கு நாட்டு ஆறுகள். மூன்றாவது குறிப்பில் "ஓடும் (4)" என்பதை மட்டும் பார்த்தேன். ஆழியாறு. நான்கு எழுத்து, கச்சிதம். பேனாவிலேயே எழுதிவிட்டேன்.

உடைந்த அரிசிக்கும் ஆழியாற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுக்கொள்ளவே இல்லை. செய்த தப்பு அதுதான்.

அப்புறம் அந்த மேலிருந்து கீழ் வரவே மாட்டேன் என்றது. ஐந்து எழுத்து ஊர், நாலாவது எழுத்து "யா". தாராபுரம், பல்லடம், அவிநாசி, வெள்ளகோவில் என்று பஸ் கண்டக்டர் மாதிரி வரிசையாகச் சொல்லிப் பார்த்தும் "யா" வரும் ஊர் ஒன்றும் கிடைக்கவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது. மத்தியானம் சோற்றுப் போசியைத் திறந்து வைத்துக்கொண்டு நாலாவது குறிப்பைப் பார்த்தேன். சோலைக்குக் "கா" என்றொரு பெயர் உண்டு. பரப்பு என்றால் விரி. காவிரி! "மூவரும் வந்து சேர்வார்கள்" என்பதும் அப்போதுதான் உறைத்தது. கருப்பொருள் கொங்கு ஆறுகள் இல்லை, காவிரியில் வந்து கலக்கும் ஆறுகள். பவானி கூடுதுறையில் கலக்கிறது, அமராவதி கரூர்ப் பக்கம் கலக்கிறது. ஆழியாறு?

அதற்குள் மாமாவே கூப்பிட்டுவிட்டார். காலையில் அவசரப்பட்டு அனுப்பிய விடையைப் பார்த்திருக்கிறார். "ஏனுங்க மாப்ளே, ஆழியாத்துத் தண்ணி எப்பங்க காவேரிக்கு வந்துச்சு?" அது பாலக்காட்டுப் பக்கம் போய் பாரதப்புழையோடு சேர்ந்து அரபிக் கடலுக்குப் போகிற ஆறு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும்.

உடைந்த அரிசி நொய். முத்தமிழில் முதலாவது இயல், அதன் தலையை எடுத்தால் "யல்". நொய்யல். திருப்பூரில் வேலை பார்த்துக்கொண்டு தினமும் இரண்டு தடவை நொய்யல் பாலத்தைத் தாண்டுகிறவன் நான். "யா" போய் "ய" வந்ததும் காவிரியின் "கா"வில் தொடங்கிக் காங்கேயம் தானாக இறங்கியது. (நொய்யலுக்கு "ஓடும்" என்று குறிப்புக் கொடுத்தது நியாயமா என்று கேட்டேன். "மழை பேஞ்சா ஓடுதுங்கல்ல" என்றார்.)

இனி உங்கள் கேள்வி. கருப்பொருளைத் தேடிக்கொண்டு உட்காராதீர்கள். இரண்டு விடை வந்ததும் ஒன்று தோன்றும், அதைக் கட்டத்துக்கு வெளியே ஓரமாகப் பென்சிலில் எழுதி வையுங்கள். மற்ற விடைகளை ஒரே வார்த்தையில் முடிச்சுப் போடும் குறிப்பு பெரும்பாலும் ஒன்று இருக்கும். "மூவரும்", "இவை எல்லாம்" என்று மொத்தமாகப் பேசும் குறிப்பு கண்ணில் பட்டால் முதலில் அதை உடையுங்கள். நான் அதை நாலாவதாகப் பார்த்ததால்தான் இவ்வளவு கூத்து. அமெரிக்கத் தினசரிகளிலும் இந்த வழக்கம் உண்டு. நியூயார்க் டைம்ஸில் பொதுவாகத் திங்கள் முதல் வியாழன் வரையும் ஞாயிறும் கருப்பொருள் இருக்கும், வெள்ளி சனியில் இருக்காது. அங்கே திங்களன்று எளிது, போகப் போகக் கடினம். மாமாவிடம் அந்தக் கருணையெல்லாம் கிடையாது.

ஆங்கிலப் புதிர் போட்டுப் பழகியவர்கள் தமிழில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே ஒரு கட்டத்துக்கு 26 எழுத்துதான். நமக்கு 247. அதனால் குறுக்கே கிடைக்கும் ஒரே ஓர் எழுத்து, ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்து செய்யும் வேலையைச் செய்யும். தப்பாக எழுதினாலோ அதே அளவுக்குக் கெடுக்கும். "ய"வுக்கும் "யா"வுக்கும் நடுவில் ஒரு கால்தான், அதற்கே எனக்கு அரை நாள் போனது. மெய்யெழுத்து இன்னும் நல்ல துப்பு. கட்டத்தில் "ங்" விழுந்தால் அடுத்தது பெரும்பாலும் க வரிசைதான், "ஞ்" என்றால் அநேகமாகச் ச வரிசை. மெய்யில் தமிழ்ச் சொல் தொடங்காது, அதனால் முதல் கட்டத்தில் புள்ளி வந்தால் குறுக்கே போன விடை தப்பு.

விளக்குவதற்கு வருவோம். குறிப்பை எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டுங்கள், அது போதும். ஒரு துண்டு நேர்ப்பொருள், அது பெரும்பாலும் முதலிலோ கடைசியிலோ இருக்கும். மிச்சம் எழுத்து விளையாட்டு. "பனி நடுவே கூப்பிட்டால் / ஜமக்காளம் நெய்யும் ஊர்" என்று ஒரு கோடு போட்டுக் காட்டினால் என் பத்து வயது மகளுக்கே பாதி விளங்கிவிடுகிறது. எடுத்ததும் விடையைச் சொன்னால் எதிராளி தலையாட்டுவாரே தவிர, கோடு எங்கே விழுகிறது என்று அவர் கண் பார்க்காது. குறிப்பில் எந்தச் சொல்லாவது வேலையில்லாமல் சும்மா நின்றால் விடையைச் சந்தேகப்படுங்கள். என் ஆழியாற்றில் ஆறு சொற்களில் ஐந்து சும்மா நின்றன.

எங்கள் அத்தையிடம் இன்னொரு சிக்கல். நொய்யும் இயலும் புணர்ந்தால் "நொய்யியல்" என்றுதானே ஆகும், தலையை வெட்டுவது என்ன இலக்கணம் என்று பிடித்துக்கொண்டார். அவர் சொல்வது சரி. ஆனால் புதிரில் நடப்பது புணர்ச்சி இல்லை, எழுத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்குவது. இதை முதலிலேயே சொல்லிவிட்டு விளக்க ஆரம்பித்தால் பாதிச் சண்டை குறையும். பவானியின் சங்ககாலப் பெயர் வானி, அப்படியிருக்க "ப"வை ஏன் பனியிலிருந்து எடுத்தீர்கள் என்றும் கேட்டார். மாமா அதற்குப் பதில் சொல்லாமல் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

அந்த ஞாபகமோ என்னவோ, இன்றைய தாளில் இப்படி ஒன்று வந்திருக்கிறது: "சின்னக் கலைமகள் கோவைக்குத் தண்ணீர் காட்டுகிறாள் (4)". கருத்துப் பெட்டியில் விடையைப் போடுகிறவர்கள் கோடு எங்கே விழுகிறது என்றும் எழுதுங்கள். ஒன்பது மணிக்கு மேல்.