மாத்திரைப் பையோடு ஊழியப் பயணம்: கேள்வி பதில்

ஆப்பிரிக்க நாடுகளுக்கும் பப்புவா நியூ கினிக்கும் வளைகுடாவுக்கும் ஊழியத்துக்குப் புறப்படுகிறவர்களில் சர்க்கரை, வலிப்பு, இரத்த அழுத்தம் உள்ளவர்களின் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்குத்தான் இந்தப் பதில்கள்.

போதகர், தூத்துக்குடி: வயது 58. காலையில் 20 யூனிட், இரவில் 12 யூனிட் மிக்ஸ் இன்சுலின் போடுகிறேன். 5 வாரம் மலாவி கிராமங்களில் கூட்டங்கள். பல இடங்களில் கரண்ட் கிடையாது என்கிறார்கள். போகலாமா டாக்டர்?

போகலாம் ஐயா. முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 32 யூனிட், 35 நாளைக்கு 1,120 யூனிட். நம் ஊர்க் குப்பி 10 மில்லி, அதில் 400 யூனிட். ஆக 3 குப்பி வேண்டும். நீங்கள் 6 எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று உங்கள் கைப்பையில், மூன்று உடன் வருகிறவரின் கைப்பையில். விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் ஒன்றுகூட வேண்டாம். பெட்டி தொலையலாம், இன்சுலின் உறைந்தும் போகலாம். உறைந்தது மறுபடி உருகினாலும் வேலை செய்யாது.

இனி நான் சொல்வதை அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் குப்பியில் வருவது பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. வெளிநாடுகளில் கிடைப்பது ஒரு மில்லிக்கு 100 யூனிட், அதன் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. உங்கள் குப்பி உடைந்து, அங்கே ஒரு குப்பி வாங்கி, கையிலிருக்கும் சிவப்பு மூடி சிரிஞ்சில் '20' கோடு வரை இழுத்தால் உள்ளே இருப்பது அரை மில்லி. அதாவது 50 யூனிட். சர்க்கரை இறங்கி மயங்கிவிடுவீர்கள், எழுப்பினாலும் எழமாட்டீர்கள். மாறாக, நம் ஊர் இன்சுலினை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் ஏறுவது 8 யூனிட்தான். குப்பியை மாற்றினால் சிரிஞ்சையும் சேர்த்தே மாற்ற வேண்டும். சிரிஞ்சு 100 கொண்டுபோங்கள்.

கரண்ட் இல்லாத இடத்துக்குப் பானை போதும். பெரிய மண்பானைக்குள் ஆற்றுமணல், அதற்குள் சின்ன மண்பானை. மணலைக் காலையும் மாலையும் நனைத்து, இன்சுலினை ஈரம் புகாத டப்பாவில் போட்டு உள்பானையில் வைத்து, ஈரத்துணியால் மூடி, நிழலில் காற்றுப்படும்படி வையுங்கள். வறண்ட காற்றில் நன்றாகக் குளிரும். ஏரிக்கரைப் புழுக்கத்தில் அவ்வளவு குளிராது. திறந்த குப்பி 25 முதல் 30 டிகிரிக்குள் சுமார் 4 வாரம் தாங்கும். உருட்டிக் கலந்த பிறகும் கட்டி மிதந்தால், கண்ணாடியில் பனி படிந்ததுபோல் ஒட்டியிருந்தால், தூக்கிப் போடுங்கள்.

மலாவி நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். இறங்கியதும் அந்த ஊர்ச் சாப்பாட்டு நேரத்துக்கு ஊசியை மாற்றிக்கொண்டால் பொதுவாகப் போதும். பயண நாளில் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரை பாருங்கள். சாப்பாடு கண்ணுக்கு முன் வந்த பிறகுதான் ஊசி. ஆராதனை ஒரு மணிக்கு முடியும் என்பார்கள், மூன்று மணிக்கு முடியும்.

உங்கள் மொழிபெயர்ப்பாளரிடம் நோயை மறைக்காதீர்கள். பிரசங்கத்தின் நடுவில் வியர்வை, நடுக்கம், சொல் குழறல் வந்தால் ஜனங்கள் அதை ஆவியின் பாரம் என்று நினைத்துக்கொள்வார்கள். வாக்கியம் கோணுவதை முதலில் கவனிக்கிறவர் பக்கத்தில் நிற்கும் அவர்தான். அவர் சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி. 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

சகோதரர், நாகர்கோவில்: சாம்பியா போகிறேன். மலேரியாவுக்கு என்ன மாத்திரை? குளோரோகுவின் வீட்டில் இருக்கிறது.

குளோரோகுவினை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சகாராவுக்குத் தெற்கே உள்ள ஃபால்சிபாரம் என்ற கொடிய வகை மலேரியா அதற்கு அடங்காது. மூன்று வழி உண்டு. அட்டோவாகுவோன்–புரோகுவானில் தினமும் ஒன்று. போவதற்கு 1–2 நாள் முன் தொடங்கி, திரும்பிய பின் 7 நாள். டாக்சிசைக்ளின் 100 மி.கி. தினமும் ஒன்று, தொடக்கம் அதேபோல், ஆனால் திரும்பிய பின் 4 வாரம். மெஃப்ளோகுவின் வாரம் ஒன்று. 2 வாரமாவது முன்னால் தொடங்கி, திரும்பிய பின் 4 வாரம்.

டாக்சிசைக்ளினை ஒரு தம்ளர் தண்ணீரோடு உட்கார்ந்து விழுங்கி, அரைமணி நேரமாவது படுக்காமல் இருங்கள். இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும். திறந்தவெளிக் கூட்டத்துக்குத் தொப்பி, முழுக்கைச் சட்டை. கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடும் இதய நோயாளிகள் இதைத் தொடங்கினால், இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை அடிக்கடி பார்க்க வேண்டும். மனச்சோர்வோ வலிப்போ எப்போதாவது வந்திருந்தால் மெஃப்ளோகுவின் வேண்டவே வேண்டாம்.

சகோதரி, கோயம்புத்தூர்: வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுகிறேன். அதே டாக்சிசைக்ளின் போதுமா?

நல்லவேளை கேட்டீர்கள் அம்மா. ஃபெனிடாயின், கார்பமாசெபைன் என்ற இரண்டு வலிப்பு மருந்துகளும் டாக்சிசைக்ளினை உடலிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும், பாதுகாப்பு குறையும். அட்டோவாகுவோன்–புரோகுவானில் பற்றி உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். இன்னொன்று, தூக்கம் கெட்டால் வலிப்பு வரும். முழு இரவு ஜெபம் உங்களுக்கு வேண்டாம் என்று அழைத்தவர்களுக்கு இப்போதே எழுதிவிடுங்கள். மாத்திரை கைப்பையில், இரண்டு பங்காக.

ஊழியர், திருச்சி: டூரிஸ்ட் விசாவில் பிரசங்கம் செய்யலாமா?

அது என் துறை இல்லை. அந்த நாட்டுத் தூதரகத்தைக் கேளுங்கள்.

போதகர், மதுரை: புறப்படுமுன் 21 நாள் உபவாசம். சர்க்கரைக்குக் கிளிமெபிரைடு, டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறேன்.

இந்த இரண்டு மாத்திரைகளோடு உபவாசம் ஆபத்து. கிளிமெபிரைடு வெறும் வயிற்றில் சர்க்கரையைக் கீழே தள்ளும். டாபாகிளிஃப்ளோசின், சாப்பிடாதபோது இரத்தத்தில் கீட்டோன் அமிலத்தை ஏற்றும். அப்போது மீட்டரில் சர்க்கரை அதிகம் ஏறாமலே இருக்கும், அதனால் ஏமாந்துபோவீர்கள். வாந்தி, வயிற்றுவலி, பெருமூச்சு வந்தால் உடனே ஆஸ்பத்திரி. மருத்துவர் மாத்திரையை மாற்றித் தராமல் ஒரு நாள்கூட உபவாசம் வேண்டாம். போன இடத்தில் வாந்தி பேதி வந்தாலும் டாபாகிளிஃப்ளோசினையும் மெட்ஃபார்மினையும் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். எப்போது, எத்தனை நாள் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் மட்டும் அதை அடியோடு நிறுத்தக் கூடாது.

சகோதரர், பாளையங்கோட்டை: மனதில் உள்ளதைக் கேட்கிறேன். சுகம் தருகிற தேவனைப் பிரசங்கிக்கப் போகிறவர் பை நிறைய மாத்திரையோடு போனால், கேட்கிறவர்கள் எப்படி நம்புவார்கள்? இது அவிசுவாசம் இல்லையா?

இல்லை. வேதத்தையே திறந்து பார்ப்போம். பவுல் கலாத்தியருக்கு முதன்முதலாகப் பிரசங்கித்ததே சரீர பலவீனத்தோடுதான் (கலாத்தியர் 4:13). மாம்சத்தில் இருந்த முள்ளை எடுக்கும்படி மூன்றுதரம் வேண்டினார். முள் போகவில்லை, கிருபை போதும் என்ற பதில்தான் வந்தது. துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாக விட்டுவிட்டு வந்தார் (2 தீமோத்தேயு 4:20). எப்பாப்பிரோதீத்து ஊழியத்தினிமித்தம் மரணத்துக்குச் சமீபமானார். அவரைப் பவுல் குறை சொல்லவில்லை, கனம்பண்ணச் சொன்னார். பவுலோடு கூட இருந்த லூக்கா வைத்தியர். எசேக்கியாவுக்கு ஆயுசைக் கூட்டிக் கொடுத்த வார்த்தையோடு அத்திப்பழ அடையும் சேர்ந்தே வந்தது.

மிஷன் சரித்திரத்தையும் பாருங்கள். 1841-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் ஆற்றில் போன பெரிய பயணம் காய்ச்சலில் பலரைப் பறிகொடுத்துத் திரும்பியது. 1854-இல் அதே ஆற்றில் 'பிளையட்' கப்பல் போனது. தினமும் மலேரியா மருந்தான குவினைன் கொடுத்தார்கள்; காய்ச்சலில் ஒருவரும் சாகவில்லை. ஆப்பிரிக்காவில் ஊழியம் செய்த மருத்துவ மிஷனரி லிவிங்ஸ்டன், குவினைனோடு கலோமெல், ஜலாப், ருபார்ப் என்ற பேதி மருந்துகளைச் சேர்த்துத் தாமே மாத்திரை உருட்டிக்கொண்டு நடந்தார். 1867 ஜனவரியில் மருந்துப் பெட்டியைச் சுமந்தவர்கள் அதோடு ஓடிவிட்டபோது, மரண தண்டனை பெற்றதுபோல் உணர்ந்ததாகக் குறிப்பேட்டில் எழுதினார். மருந்து முழுவதும் ஒரே பெட்டியில் இருந்தது. அதனால்தான் இரண்டு பை, இரண்டு பை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அதே சகோதரர்: லிவிங்ஸ்டன் கடைசியில் நோயால்தானே இறந்தார்? மருந்தை நம்பி என்ன கண்டார்?

1873-இல் சிட்டம்போ கிராமத்தில் இறந்தார், உண்மை. ஆனால் அவர் ஆப்பிரிக்காவில் கால்வைத்தது 1841-இல். இடையில் 30 ஆண்டுக்கு மேல் ஓடியிருக்கிறது. ஜெபிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜெபித்துவிட்டு மாத்திரையை விழுங்குங்கள் என்கிறேன்.

சகோதரி, சென்னை: அவர் கேட்டதில் நியாயம் உண்டு. மேடையில் ஒருவர் விசுவாசத்தோடு மாத்திரையை எறிந்தால் அது சாட்சிதானே?

அம்மா, இதில் நான் கொஞ்சமும் இறங்கிவர முடியாது. டைப் 1 சர்க்கரை உள்ளவர் இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளில் உயிருக்கு ஆபத்து. வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரலாம். நீங்கள் போகிற தென்னாப்பிரிக்கப் பகுதி நாடுகளில், உங்கள் முன் உட்கார்ந்திருக்கும் பலர் எச்.ஐ.வி. மாத்திரையால் உயிரோடு இருப்பவர்கள். அதை நிறுத்தினால் சில வாரங்களில் வைரஸ் மறுபடி பெருகும். விட்டுவிட்டுச் சாப்பிட்டால் மருந்துக்கே அடங்காததாக மாறும். கர்ப்பிணி நிறுத்தினால் பிள்ளைக்கும் தொற்றும். மேடையேறுமுன் மொழிபெயர்ப்பாளரிடம் சொல்லிவையுங்கள்: 'ஜெபம் செய்வோம், கிளினிக் சொல்லாமல் யாரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது' என்ற வரியை ஒவ்வொரு கூட்டத்திலும் அந்த ஊர் மொழியில் சொல்ல வேண்டும். இதைச் சொல்ல மனமில்லாதவர் சுகமளிக்கும் கூட்டம் நடத்த வேண்டாம்.

இந்த விவாதத்தை இதோடு முடிக்கிறேன். பதில் சொல்லாத கேள்விகள் நிறைய நிற்கின்றன.

ஊழியர், வேலூர்: துபாயில் தமிழ்ச் சபைக்கு வரச்சொல்கிறார்கள். முதுகுவலிக்கு டிரமடால், தூக்கத்துக்கு அல்பிரசோலாம்.

இரண்டும் அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். நரம்புவலிக்குத் தரும் பிரிகாபலினும் அப்படியே. அந்த நாட்டுச் சுகாதார அமைச்சகத்தில் ஆன்லைனில் முன் அனுமதி வாங்காமல் ஒரு மாத்திரைகூட வேண்டாம். விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள். மருந்துச் சீட்டில் மருந்தின் பொதுப்பெயர் இருக்க வேண்டும், மாத்திரை அட்டையைப் பிரிக்கக் கூடாது.

சகோதரர், தென்காசி: உகாண்டா போகிறேன். மலேரியாவுக்கு குளோரோகுவின் போதுமா?

போதாது. நாகர்கோவில் சகோதரருக்குச் சொன்ன பதிலை முழுவதும் படியுங்கள். உகாண்டாவுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியும் கட்டாயம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்ட 10-ஆம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், அதன்பிறகு ஆயுள் முழுக்க. கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். 60 வயதைத் தாண்டியவர்கள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கீமோவோ ஸ்டீராய்டோ எடுப்பவர்கள் ஊசிக்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

போதகர், ஈரோடு: மலேரியா மாத்திரையை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாமா?

வேண்டாம். போவதற்கு முன்பே தொடங்க வேண்டியதை அங்கே போய் எப்படி வாங்குவீர்கள்? போலி மருந்தும் உண்டு.

சகோதரி, காரைக்குடி: ஆஸ்துமா. இரண்டு கூட்டம் பேசினால் குரல் அடைத்துவிடுகிறது.

ஸ்டீராய்டு இன்ஹேலரை இழுத்ததும் தண்ணீர் விட்டுத் தொண்டைவரை கொப்பளித்துத் துப்புங்கள். இன்ஹேலரில் பொருத்தும் ஸ்பேசர் குழாயை வைத்து இழுங்கள். குரல் அடைத்தபின் கிசுகிசுத்துப் பேசுவது இன்னும் கெடுக்கும், மௌனமாக இருங்கள். மொழிபெயர்ப்பாளர் பேசும் நேரம் உங்களுக்கு ஓய்வு, அந்த நேரத்தில் ஒரு மிடறு தண்ணீர்.

சகோதரர், திருநெல்வேலி: தான்சானியாவிலிருந்து வந்து 3 வாரம் ஆகிறது. இரண்டு நாளாகக் காய்ச்சல், குளிர். டைபாய்டு என்று டிரிப் ஏற்றினார்கள். மலேரியா மாத்திரையைத் திரும்பியதும் நிறுத்திவிட்டேன்.

இதைப் படித்ததும் கிளம்புங்கள். மலேரியா இரத்தப் பரிசோதனை இன்றைக்கே செய்ய வேண்டும். ஸ்மியர், ரேபிட் டெஸ்ட் இரண்டும். முதல் வார்த்தையாக 'ஆப்பிரிக்காவிலிருந்து வந்தேன்' என்று சொல்லுங்கள். அவர்களாகக் கேட்கமாட்டார்கள். ஒருமுறை இல்லையென்று வந்தாலும் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் மறுபடி, மொத்தம் மூன்று தடவை. ஃபால்சிபாரம் என்றால் குளோரோகுவின் வாங்காதீர்கள், ஆர்டெமிசினின் கூட்டுமருந்து கேளுங்கள். தனியாகப் போக வேண்டாம், வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.