கண்ணைத் திறந்து “ஒன்றுமே ஆகவில்லை” என்றால்?

அன்புள்ள ஐயா,

ஹிப்னாடிசப் பயிற்சி முடித்து நான்கு மாதங்கள் ஆகின்றன. இன்னும் ஒருவருக்குக்கூடச் செய்து பார்க்கவில்லை. தங்கை தானாகவே கேட்கிறாள். பாதியில் கண்ணைத் திறந்து “ஒன்றுமே ஆகவில்லையே” என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தே தள்ளிப்போடுகிறேன்.

க.

அன்புள்ள க.,

எனக்கும் அது நடந்தது. நண்பர் ஒருவரிடம் கை கனமாகிக் கீழே இறங்குகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கை அசையவில்லை. பதறிப்போய், பேச்சை வேகமாக்கி, அவசரமாக முடித்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து அவரே சொன்னார்: “கை கல் மாதிரி கனத்தது. இறங்கவிடாமல் நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.” அன்றைக்கே அவரிடம் கேட்காமல் விட்டதுதான் நான் செய்த தவறு.

உங்கள் பயத்துக்கு அடியில், உறங்கவைக்கும் சக்தி செய்பவரிடம் இருக்கிறது என்ற எண்ணம் இருக்கிறது. 1813இல் பாரிஸில் இதைச் செய்து காட்டிய அபே ஃபாரியா என்ற பாதிரியார் அப்போதே அதை மறுத்தார். நடப்பதெல்லாம் உட்கார்ந்திருப்பவரின் மனதில்தான் என்றார். ஒருவர் ஹிப்னாடிசத்துக்கு எவ்வளவு எளிதில் ஆட்படுவார் என்று அளக்க 1959இல் வந்த ஸ்டான்ஃபோர்டு அளவுகோலில் 12 சோதனைகள். எல்லோருக்கும் ஒரே வாசகத்தைத்தான் படிப்பார்கள். ஆனாலும் சிலருக்கு ஏறக்குறைய எல்லாமே நிகழும், சிலருக்கு ஒன்றிரண்டுதான், பலர் நடுவில். 25 ஆண்டுகள் கழித்து அதே ஆட்களைச் சோதித்தபோதும் மதிப்பெண் பெரிதாக மாறவில்லை. உங்கள் குரலும் நிதானமும் முக்கியம்தான், ஆனால் தங்கையின் இயல்பை அவை மாற்றாது.

அதனால் எளியதில் தொடங்குங்கள். கை கனப்பது, இரு கைகளும் நெருங்கி வருவது போன்றவை பெரும்பாலோருக்கு நிகழும். பெயரை மறக்கவைப்பதெல்லாம் இப்போது வேண்டாம். “கை இறங்கும்” என்று கட்டளையிடாமல், “கையில் என்ன மாறுகிறது என்று கவனி, கனமாகலாம், லேசாகவும் ஆகலாம்” என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் அவள் உணர்வது எதுவானாலும் அதைப் பிடித்துக்கொண்டு மேலே பேச முடியும். பழைய துயரங்களைக் கிளறுவது, நோயைக் குணமாக்குவது பக்கம் மட்டும் போகாதீர்கள். அது அதற்கென்று படித்த மருத்துவர்களின் வேலை.

இந்த வாரமே 15 நிமிடம் உட்காருங்கள். ஒன்றிலிருந்து ஐந்துவரை எண்ணி, நிதானமாக அவளை முழு விழிப்புக்குக் கொண்டுவாருங்கள். “ஒன்றுமே ஆகவில்லை” என்றாளானால், “சரி, கையில் என்ன தெரிந்தது?” என்று கேளுங்கள். அவள் சொன்னதை எனக்கு எழுதுங்கள்.