தனிப் பள்ளியும் பொதுப் பணமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளை வெள்ளையரோடு சேர்க்காமல் தனிப் பள்ளிகளில் ஒதுக்கி வைத்ததைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். ஓர் உறுத்தல். எங்கள் பள்ளிக்கும் அதே அளவு பணம் கொடு என்று கேட்டுப் பெற்றிருந்தால் போதாதா? வெள்ளையர் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் படிப்பு ஏறும் என்பதுபோல வழக்காடியது தன்மானக் குறைவு இல்லையா? எப்படியும் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954 தீர்ப்போடு எல்லாம் முடிந்துவிட்டதே.

க., திருச்சி

அன்புள்ள க.,

பணம் கேட்டுத்தான் அவர்களும் தொடங்கினார்கள். தென்மாநிலங்களில் ஒன்றான வெர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுன்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஃபார்ம்வில் என்ற சிற்றூர். அங்கே கறுப்பின மாணவர்களுக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளி ஏறத்தாழ 180 பேருக்காகக் கட்டப்பட்டது. 1951-ல் 450 பேருக்கு மேல் படித்தார்கள். இடம் போதாமல் வெளியே கொட்டகை போட்டு, தார்க்காகிதம் போர்த்தி, அதில் வகுப்பு நடத்தினார்கள். அந்த ஏப்ரலில் பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி, பொய்யான ஒரு தொலைபேசி அழைப்பால் தலைமையாசிரியரை ஊருக்குள் போகவைத்துவிட்டு, மாணவர்களை அரங்கில் கூட்டி வகுப்புகளைப் புறக்கணிக்கச் செய்தார். (நம் ஊர்த் தலைமையாசிரியர்கள் இதைப் படிக்காமலிருப்பது நல்லது.)

அவர்கள் கேட்டது புதிய கட்டடம். ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் என்ற இரு வழக்கறிஞர்கள்தான் மறுத்தார்கள். கட்டடத்துக்காக வாதாட மாட்டோம், பிரிவினையையே எதிர்ப்பதென்றால் வருகிறோம் என்றார்கள். அவர்கள் போட்ட கணக்கு எளியது. தனித்தனியாக இருக்கலாம், சமமாக இருந்தால் சரி என்று உச்ச நீதிமன்றம் 1896-லேயே சொல்லியிருந்தது. அரை நூற்றாண்டு கடந்தும் சமம் வந்து சேரவில்லை. வரி விதிப்பதும் பங்கிடுவதும் வெள்ளையர் கையில். தம் பிள்ளைகள் உட்காராத வகுப்பறை ஒழுகினால் அவர்களுக்கு என்ன? இரு தரப்புப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் மட்டுமே பணம் எல்லோருக்குமாகச் செலவாகும். பக்கத்து நாற்காலி மீது ஆசைப்பட்டு யாரும் வழக்குப் போடவில்லை.

மாணவர்கள் தரப்பு அதற்கு ஒப்புக்கொள்ள, வழக்குப் போடப்பட்டது. அந்த வழக்கும் வேறு ஊர்களின் வழக்குகளும் சேர்ந்துதான் 1954 மே 17 அன்று, வழக்காடியவர்களில் ஒருவரின் பெயரால் பிரவுன் தீர்ப்பு என்று அழைக்கப்படும் தீர்ப்பு வந்தது. உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகப் பிரிவினை செல்லாது என்றார்கள். ஆனால் மறு ஆண்டு, எப்போதிருந்து என்ற கேள்விக்குக் காலக்கெடு எதையும் வைக்காமல் விட்டார்கள். முடிந்துவிட்டது என்கிறீர்களே, பிரின்ஸ் எட்வர்டில் முடிந்தது பள்ளிக்கூடம்தான். இனியும் தள்ளிப்போட முடியாது என்று 1959-ல் நீதிமன்றம் நெருக்கியபோது, கவுன்டி நிர்வாகம் பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்கவே மறுத்தது. பொதுப் பள்ளிகள் அனைத்தும் மூடப்பட்டன. வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி ஒன்று முளைத்தது. அதன் கட்டணத்துக்கு அரசு உதவித்தொகையும் வரிச்சலுகையும் கிடைத்தன. சுமார் 1,700 கறுப்பினக் குழந்தைகளுக்கு எதுவுமில்லை. சிலரை வெளியூர் உறவினர் வீடுகளுக்கு அனுப்பினார்கள். சிலர் தேவாலயங்களில் எழுதப் படிக்கக் கற்றார்கள். பலர் படிப்பையே விட்டார்கள். கறுப்பினத்தவருக்கும் தனியார் பள்ளி அமைத்துத் தருகிறோம் என்று வெள்ளையர் தலைவர்கள் சொன்னபோது, பிள்ளைகளின் படிப்பு கண்ணெதிரே போய்க்கொண்டிருந்த நிலையிலும், பெற்றோர் ஏற்கவில்லை. தன்மானம் பற்றிக் கேட்டீர்களே, இதை அந்தப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 1964-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே பொதுப் பள்ளிகள் திறந்தன.

தென்மாநிலங்களைப் பெரிய அளவில் அசைத்தது 1964-ன் குடிமை உரிமைச் சட்டம். பாகுபாடு காட்டும் பள்ளிகளுக்கு மத்திய அரசின் பணம் கிடையாது என்றது அது. அடுத்த ஆண்டு அந்தப் பணமும் பல மடங்கு பெருகியது. பத்தாண்டுகளாகத் தீர்ப்புக்கு அசையாதவர்கள் வரவுசெலவுக்கு அசைந்தார்கள். வடக்கே தப்பிக்கும் வழி வேறாக இருந்தது. வெள்ளையர்கள் நகரை விட்டுப் புறநகருக்குப் போனார்கள், வரிப்பணமும் கூடவே போனது. டெட்ராய்ட் நகரையும் சுற்றியிருந்த 53 புறநகர்ப் பள்ளி மாவட்டங்களையும், பிள்ளைகளைக் கலந்து படிக்கவைக்கும் ஒரே திட்டத்தில் இணைக்கும் முயற்சியை 1974-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தடுத்தது. அதை ஏற்காத நான்கு நீதிபதிகளில் ஒருவர் தர்குட் மார்ஷல், பிரவுன் வழக்கில் கறுப்பினத்தவருக்காக வாதாடிய அதே மனிதர்.

உங்கள் உறுத்தலுக்கு நியாயம் உண்டு, ஆனால் அது வேறோர் இடத்தில். பள்ளிகளை இணைத்தபோது மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகளே. ஆயிரக்கணக்கான கறுப்பின ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். தலைமையாசிரியராக இருந்தவர்கள் பலர் இணைந்த பள்ளியில் துணைத் தலைமையாசிரியராகவோ சாதாரண ஆசிரியராகவோ இறக்கப்பட்டார்கள். தன் பிள்ளை கறுப்பினப் பிள்ளையோடு படிப்பதைச் சகித்துக்கொண்ட வெள்ளையர் பலரால், கறுப்பினத்தவர் ஒருவர் தன் பிள்ளைக்குப் பாடம் நடத்துவதைச் சகிக்க முடியவில்லை.