முதல் முறையாக ஜப்பானில் வாசிக்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

சவுண்ட் என்ஜினியராக மூன்று இசைக்குழுக்களோடு ஜப்பான் போய் வந்திருக்கிறேன். எல்லாம் இருநூறு பேர் நிற்கக்கூடிய சின்ன அரங்குகள். அங்கே அவற்றை ‘லைவ் ஹவுஸ்’ என்பார்கள். முதல் முறை கிளம்பும் குழுக்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

டிரம்ஸ் வாசிப்பவர்: அண்ணா, பாட்டு முடிந்ததும் கொஞ்சம் கை தட்டிவிட்டு அப்படியே அமைதியாகி விடுவார்களாமே? பிடிக்கவில்லை என்று அர்த்தமா?

இல்லை தம்பி. ஆனால் முதல் இரவில் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். டோக்கியோவில் ஷிமோகிதாசாவா என்ற பகுதி, லைவ் ஹவுஸ்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிற இடம். முதல் பாட்டு முடிந்ததும் நல்ல கைதட்டல். சில விநாடிகளில் பட்டென்று நின்றுவிட்டது. மேடையில் கிடாரின் ஒலிபெருக்கியான ஆம்ப் ‘ம்ம்’ என்று இரைவது பின்னால் மிக்ஸர் அருகே எனக்குக் கேட்கிறது, அவ்வளவு அமைதி. பாடகர் முகம் வாடிப்போய் என்னைப் பார்த்தார். பேச வைத்திருந்ததை எல்லாம் விட்டுவிட்டு அடுத்தடுத்த பாட்டுக்குத் தாவி, கொடுத்த நேரத்துக்கு ஆறு நிமிடம் முன்பே முடித்துவிட்டார்.

அப்புறம் டி-ஷர்ட், சிடி விற்கிற மேசைக்கு வந்தால் வரிசை நிற்கிறது. ஒரு பெண், மூன்றாவது பாட்டில் பேஸ் நின்று மறுபடி நுழைகிற இடத்தை மேசை மேல் விரலால் தட்டிக் காட்டினார். ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறார்! அன்றைக்குத்தான் புரிந்தது: அடுத்து நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று காத்திருக்கிறார்கள். அந்த இடைவெளியை நிரப்ப அவசரப்படாதீர்கள். மெதுவாக ட்யூன் பண்ணுங்கள், தண்ணீர் குடியுங்கள்.

இது பழைய கதைதான். 1966இல் டோக்கியோவின் பெரிய புதோகான் அரங்கில் பீட்டில்ஸ் வாசித்தபோது, மற்ற ஊர்களின் கூச்சலுக்குப் பழகியிருந்த அவர்களுக்குத் தங்கள் வாசிப்பே தெளிவாகக் காதில் விழுந்தது. அதற்காக ஜப்பானியர்கள் கத்தவே மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 1978இல் அதே அரங்கில் அமெரிக்க ராக் குழுவான சீப் ட்ரிக் வாசித்த பதிவைக் கேளுங்கள், அலறல் காதைக் கிழிக்கும்.

கீபோர்டு வாசிப்பவர்: சவுண்ட் செக்குக்கு, கடைசியாக வாசிக்கும் எங்களை முதலில் வரச் சொல்கிறார்களே, தவறாக எழுதிவிட்டார்களா?

சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ‘க்யாகு ரிஹா’ என்பார்கள், அதாவது தலைகீழ் ஒத்திகை. கடைசிக் குழு முதலில், முதல் குழு கடைசியில். கதவு திறக்கும்போது முதல் குழுவின் சாமான்கள் மேடையில் தயாராக நிற்கும்.

இங்கே நான் பார்த்து அசந்துபோன விஷயம் ஒன்று. எங்கள் ஒத்திகை முடிந்ததும் மேடைப் பணியாள் ஒருவர் மண்டியிட்டு, ஆம்பின் மூலைகள், மைக் ஸ்டாண்டின் கால்கள், பெடல் போர்டு எல்லாவற்றுக்கும் பக்கத்தில் விரல் நகம் அளவு டேப் ஒட்டினார். எங்களுக்கு மஞ்சள், அடுத்த குழுவுக்குப் பச்சை. இரவு எங்கள் முறை வந்தபோது எல்லாம் அதே மஞ்சள் புள்ளிகளில் வந்து உட்கார்ந்திருந்தன. இதற்கு ‘பமிரி’ என்று பெயர். அந்த உழைப்புக்கு நீங்கள் செய்யும் மரியாதை, நேரத்துக்கு வருவதும், யார், எது எங்கே நிற்கும் என்று காட்டும் மேடைப் படத்தை முன்கூட்டியே அனுப்புவதும், உள்ளே நுழைந்ததும் ஒவ்வொருவரிடமும் ‘யோரோஷிகு ஓனேகாய்ஷிமாஸ்’ (தயவுசெய்து பார்த்துக்கொள்ளுங்கள்) சொல்வதும்தான். கிளம்பும்போது ‘ஓட்சுகாரேசாமா தெஷ்தா’ (உங்கள் உழைப்புக்கு நன்றி). இந்த இரண்டையும் விமானத்திலேயே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

கிடார் வாசிப்பவர்: கரண்ட் விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

அங்கே 100 வோல்ட். 230 வோல்ட் ஆம்பை அப்படியே செருகினால் ஒழுங்காக வேலை செய்யாது, வோல்ட்டை ஏற்றித் தரும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மர் வேண்டும். முடிந்தால் அரங்கில் இருக்கிற ஆம்பையே கேட்டு வாங்கி வாசியுங்கள், சுமையும் மிச்சம்.

இன்னொரு விசித்திரம்: மின்சாரத்தின் அதிர்வெண் டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60 ஹெர்ட்ஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் டோக்கியோவுக்கு ஜெர்மானிய ஜெனரேட்டரும் ஒசாகாவுக்கு அமெரிக்க ஜெனரேட்டரும் வந்து இறங்கின. அந்தப் பிரிவு இன்று வரை மாறவில்லை. இப்போதைய பெரும்பாலான கருவிகளுக்கு இது பொருட்டில்லை. ஆனால் மோட்டாரில் சுழலும் பழைய ஹாம்மண்ட் ஆர்கன் இருந்தால் கவனம். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்ததை 50இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய மூன்று அரைச்சுரம் இறங்கிவிடும்.

குழுவின் மேனேஜர்: ‘நோருமா’ என்று ஒரு வார்த்தை மெயிலில் வந்தது. என்ன அது?

டிக்கெட் ஒதுக்கீடு. உங்கள் பங்குக்கு இருபது டிக்கெட், ஒன்று 2,000 யென் என்று வையுங்கள். பன்னிரண்டு விற்றால் மீதி எட்டுக்கு 16,000 யென் உங்கள் கையிலிருந்து போகும். உள்ளூர் இளம் குழுக்களை இது உண்மையிலேயே வாட்டுகிறது, எனக்கு இதில் உடன்பாடு இல்லை. உங்களுக்கும் உண்டா என்று இப்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பாடகி: நான் சைவம். சமாளிக்க முடியுமா?

முடியும், ஆனால் ‘தாஷி’ சேர்த்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் உலர்ந்த மீன் சேர்த்துக் காய்ச்சும் சாறு அது. காய்கறிக் குழம்பிலும் நூடுல்ஸ் சூப்பிலும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். டிப்ஸ் கொடுக்கும் பழக்கம் அங்கே கிடையாது, மேசையில் வைத்தால் பின்னாலேயே ஓடி வந்து திருப்பித் தருவார்கள்.

பேஸ் வாசிப்பவர்: வழக்கமான சளி மாத்திரையைக் கொண்டுபோகலாமா?

அட்டையைப் படித்துவிட்டு எடுத்து வையுங்கள். மூக்கடைப்புக்குச் சேர்க்கும் சூடோஎபெட்ரின் என்ற மருந்து பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் அனுமதி இல்லை. கவனக்குறைபாட்டுக்குத் தரும் ஆம்பிடமைன் மருந்துகள், டாக்டர் சீட்டு இருந்தாலும் கூடாது. கஞ்சா பேச்சே வேண்டாம். 1980 ஜனவரியில் டோக்கியோவின் நரிதா விமான நிலையத்தில் பீட்டில்ஸ் புகழ் பால் மெக்கார்ட்னி அதோடு பிடிபட்டு ஒன்பது நாள் காவலில் இருந்தார். அவருடைய விங்ஸ் குழுவின் சுற்றுப்பயணமே ரத்தானது. அவருக்கே அந்த கதி.

பாடகர்: மேடையில் ஜப்பானிய மொழியில் பேசட்டுமா, சிரிப்பார்களா?

பேசுங்கள். எங்கள் பாடகர் இரண்டாவது இரவு, பாட்டு வரிசைச் சீட்டின் ஓரத்தில் ‘கியோ வா கிதே குரேதே அரிகாதோ கோசாய்மாஸ்’ என்று தமிழில் எழுதி வைத்துக்கொண்டார். இன்று வந்ததற்கு நன்றி, அவ்வளவுதான். பாதியில் தடுமாறி நின்றுவிட்டார். யாரும் சிரிக்கவில்லை, இடையில் கை தட்டவும் இல்லை. நம் மொழி போலவே அவர்களுக்கும் வினை கடைசியில்தான் வரும். சீட்டைப் பார்த்து, மூச்சு வாங்கி, ‘கோசாய்மாஸ்’ வரை அவர் வந்து சேரும் மட்டும் முழு அரங்கமும் காத்திருந்தது. அதற்குப் பிறகுதான் தட்டினார்கள்.