‘ரகசியக் கோப்பு, தர இயலாது’ என்று பதில் வந்தால்

கேள்வி: என் தாத்தா 1970களில் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம் வந்தவர். மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, பிறகு சென்னைக்கு வந்தார். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களைப் பற்றி இரு நாடுகளும் செய்த சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தில் வந்தவர்களின் மறுவாழ்வு பற்றி எப்படி முடிவெடுத்தார்கள் என்ற கோப்புகளைக் கேட்டு, டெல்லியில் ஓர் அலுவலகத்துக்கு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) மனு போட்டேன். ‘ரகசியக் கோப்பு, பிரிவு 8(1)(ஏ)யின் கீழ் தர இயலாது’ என்று ஒரே வரியில் பதில் வந்திருக்கிறது. ஐம்பது வருடப் பழைய தாள் இன்னுமா ரகசியம்? அடுத்து என்ன செய்யலாம்? (வாசகி, பெரம்பூர்)

பதில்: அந்த ஒரு வரியைப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள். சட்டப்படி அது முழுமையான பதிலே அல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 7(8) என்ன சொல்கிறது? மறுப்பதாக இருந்தால் காரணம், மேல்முறையீட்டுக்கான காலக்கெடு, யாரிடம் மேல்முறையீடு செய்வது என்ற விவரம் மூன்றையும் எழுத வேண்டும். பிரிவு எண்ணை மட்டும் எழுதினால் அது காரணம் ஆகிவிடாது. 8(1)(ஏ) என்பது நாட்டின் பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு கெடும் என்றால் மறுக்கலாம் என்ற விலக்கு. இந்தத் தாள் வெளியே வந்தால் இலங்கையுடனான உறவு எந்த விதத்தில் கெடும் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். மறுத்தது சரிதான் என்று நிரூபிக்கும் பொறுப்பையும் பிரிவு 19(5) மனுவுக்குப் பதில் தரும் பொதுத் தகவல் அலுவலர் தலையில்தான் வைத்திருக்கிறது.

இங்கே பலர் ஒரு தப்புக் கணக்குப் போடுகிறார்கள். ‘20 வருடம் ஆனால் எல்லாக் கோப்பும் திறந்துவிடும்’ என்று சொல்வார்கள். பிரிவு 8(3) அப்படித்தான் ஆரம்பிக்கிறது; ஆனால் மூன்று விலக்குகளை விட்டுவைக்கிறது. நாட்டின் பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு பற்றிய (ஏ), நாடாளுமன்ற, சட்டமன்ற உரிமை பற்றிய (சி), அமைச்சரவைத் தாள்கள் பற்றிய (ஐ) ஆகியவை 20 வருடம் தாண்டியும் நிற்கும். 1962 சீனப் போர் பற்றிய ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையைத் தர வேண்டியதில்லை என்று மத்திய தகவல் ஆணையம் 2010இல் சொன்னதே, போர் முடிந்து 48 வருடம் கழித்து. ஆகவே, ‘பழையது, கொடுங்கள்’ என்று மட்டும் வாதாடினால் நிற்காது.

நிற்கக்கூடிய வாதம் வேறு. ‘ரகசியம்’ என்ற முத்திரை வேறு, சட்டம் தரும் விலக்கு வேறு. முத்திரை குத்தியிருப்பதே மறுக்கப் போதாது. 1923ஆம் ஆண்டு அரசு ரகசியச் சட்டத்தையும் மீறித் தகவல் சட்டம் செல்லும் என்று பிரிவு 22 சொல்கிறது. அப்புறம், ஒப்பந்தமே ஊரறிந்த விஷயம். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தானது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. வந்தவர்களுக்கு வீடு, கடன், வேலை எப்படிக் கொடுத்தார்கள் என்பது நம் அரசு நம் மக்களுக்குச் செய்த காரியம். அதில் வெளிநாட்டு உறவு எங்கே வருகிறது? இதை மேல்முறையீட்டில் அழுத்தி எழுதுங்கள். இலங்கை அரசோடு நடந்த கடிதப் போக்குவரத்து உள்ள பக்கங்களை வேண்டுமானால் மறைத்துவிட்டு, மற்றவற்றைப் பிரிவு 10இன்படி பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

இன்னொன்று தெரிந்துகொள்ளுங்கள். 1993ஆம் ஆண்டு பொது ஆவணச் சட்டப்படி, ரகசிய முத்திரை நீக்கப்படாத மத்திய அரசுக் கோப்பை டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பவே கூடாது. அது அமைச்சகத்தின் அறையிலேயே கிடக்கும். அதனால் முதலில் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ இணையதளத்தில் தேடிப் பாருங்கள். அங்கே இருந்தால் ரகசியப் பேச்சுக்கே இடமில்லை.

டெல்லியை மட்டும் நம்பியும் இருக்க வேண்டாம். வந்தவர்களைக் குடியமர்த்தும் வேலை பெரும்பாலும் இங்கேதான் நடந்தது. நீலகிரியில் அவர்களுக்காகவே அரசு தேயிலைத் தோட்டங்கள் 1968இல் தொடங்கின. தாயகம் திரும்பியவர்களுக்கான ரெப்கோ வங்கி 1969இல் வந்தது. மறுவாழ்வுத் துறை ஆணையரகம் சேப்பாக்கம் எழிலகத்தில் இருக்கிறது. பழைய அரசாணைகளைத் தேட எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஆணையரகத்துக்கு மனு எழுதும்போது ‘எல்லாத் தகவலும் தருக’ என்று கேட்காதீர்கள். முதல் மனுவில், 1968 முதல் 1984 வரையிலான மறுவாழ்வுக் கோப்புகளின் பட்டியலை மட்டும் கேளுங்கள். கோப்பு எண் கைக்கு வந்த பிறகு அதை நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. உட்கார்ந்து புரட்டினால்தான் எந்தப் பக்கம் வேண்டும் என்று தெரியும். குறிப்புப் பக்கங்களையும் சேர்த்துக் கேளுங்கள், முடிவுக்கான காரணம் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும். ‘அழித்துவிட்டோம்’ என்றால், எந்த உத்தரவின்படி எந்தத் தேதியில் என்று காட்டும் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள்.

மனுக் கட்டணம் மத்திய, மாநில அலுவலகம் இரண்டுக்கும் பத்து ரூபாய்தான். மாநில அலுவலகத்துக்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம். மத்திய அலுவலகத்துக்கு அது செல்லாது, போஸ்டல் ஆர்டரோ ஆன்லைன் கட்டணமோ வேண்டும்.

உங்கள் அவசர வேலை முதல் மேல்முறையீடுதான். மறுப்புக் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் அவகாசம். அதிலும் சரியான பதில் வராவிட்டால் 90 நாளுக்குள் மத்திய தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. கடிதம் வந்த உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நாள் கணக்கில் தகராறு வந்தால் அதிலுள்ள தபால் முத்திரைதான் உங்கள் சாட்சி.