வியாழனின் காந்தக்கோளம்: கேள்விகளும் பதில்களும்

வியாழன் வாயுக் கோள்தானே ஐயா, காந்தப்புலம் எங்கிருந்து வந்தது?

ஹைட்ரஜனிலிருந்து. கோளின் ஆழத்தில் அழுத்தம் ஏற ஏற ஹைட்ரஜன் உலோகத்தைப்போல் மின்சாரம் கடத்தத் தொடங்குகிறது. அந்தத் திரவம் கொதித்துப் புரள்கிறது. கோளோ 10 மணி நேரத்துக்குள் ஒருமுறை சுற்றிவிடுகிறது. காந்தப்புலத்தை உண்டாக்கும் மின்னாக்கிக்கு இவை போதும்.

அந்தப் புலம் ஆளும் வெளியான காந்தக்கோளத்தில் உள்ள மின்னூட்டத் துகள்கள் சூரியக் காற்றில், அதாவது சூரியனிலிருந்து வீசும் துகள் ஓட்டத்தில், வந்தவைதாமே?

பெரும்பாலும் இல்லை. பூமியைப் பற்றிப் படித்ததை அப்படியே வியாழனுக்குப் பொருத்துவதால் வரும் எண்ணம் இது. வியாழனுக்குத் தீனி போடுவது அதன் நிலவான அயோ. அங்குள்ள எரிமலைகள் கக்கும் கந்தக டை ஆக்சைடிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ ஒரு டன் பொருள் விண்வெளிக்குத் தப்புகிறது. எலெக்ட்ரான்கள் மோதியதும் அது கந்தக, ஆக்சிஜன் அயனிகளாகிறது. அயனியான கணமே காந்தப்புலத்தின் பிடியில் சிக்கிக் கோளோடு சேர்ந்து சுழலத் தொடங்குகிறது.

வேகத்தைப் பாருங்கள். அயோ தன் பாதையில் நொடிக்கு 17 கிலோமீட்டர் போகிறது. அங்கே பிளாஸ்மாவோ, அதாவது அந்த அயனிகளும் எலெக்ட்ரான்களும் கலந்த வாயுவோ, 74 கிலோமீட்டர். ஆகவே அது அயோவைப் பின்னாலிருந்து துரத்தி வந்து மோதிக் கடக்கிறது. எனக்கு இந்தக் கோளில் மிகவும் பிடித்த காட்சி இதுதான்.

அயோவுக்கும் வியாழனுக்கும் இடையே மின்சாரம் பாய்வது உண்மையா?

உண்மை. பல லட்சம் ஆம்பியர். அது வியாழனின் துருவ ஒளியில் இறங்கும் இடம் தனிப் புள்ளியாக மின்னுவதை ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களில் காணலாம். வியாழனின் ரேடியோ வெடிப்புகளை பர்க், பிராங்க்ளின் என்ற விஞ்ஞானிகள் இருவரும் 1955இல் கண்டுபிடித்தார்கள். அவை அயோ இருக்கும் இடத்தைப் பொறுத்து எழுவதை 1964இல் பிக் என்பவர் காட்டினார். எந்த விண்கலமும் அங்கே போகாத காலத்தில் இதைக் கண்டுகொண்டார்களே!

வியாழனின் இன்னொரு நிலவான யூரோப்பாவில் மனிதர் இறங்க முடியுமா?

காப்பு இல்லாமல் முடியாது. காந்தப்புலத்தில் சிக்கிய துகள்களால் ஒரு நாளைக்கு 5 சீவர்ட்டுக்கு (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) மேல் கதிர்வீச்சு. சிகிச்சையின்றி உயிரைப் பறிக்க அதுவே போதும். வியாழனுக்குப் போன ஜூனோ விண்கலத்தின் மின்னணுக் கருவிகளையே டைட்டானியப் பெட்டகத்துக்குள் வைத்துத்தான் அனுப்பினார்கள். தொலைவில் சுற்றும் நிலவான கலிஸ்டோவில் அபாயம் மிகக் குறைவு.

வீட்டிலிருந்து இதைப் பார்க்க வழி உண்டா?

பார்க்க முடியாது, அந்த ரேடியோ வெடிப்புகளைக் கேட்கலாம். 20 மெகாஹெர்ட்ஸ் அருகே வேலை செய்யும் சிற்றலை வானொலியும் எளிய கம்பி ஆன்டெனாவும் போதும். வியாழன் உயரத்தில் இருக்கும் இரவில், நகரத்தின் மின் இரைச்சலுக்கு அப்பால் வைத்துக் கேளுங்கள். கரையில் அலை மோதுவது போன்ற ஓசை எழுந்து அடங்கினால் அதைப் பதிவு செய்து, அயோ அப்போது எங்கே இருந்தது என்று அட்டவணையில் ஒப்பிடுங்கள்.