பட்டாயாவில் கொண்டோ: வாங்கும் முன் விற்கும் கணக்கைப் போடுங்கள்

கேள்வி: சிங்கப்பூரில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன், இந்தியக் குடிமகன். தாய்லாந்தின் பட்டாயாவில், ஜோம்தியன் கடற்கரைப் பக்கம் 34 சதுர மீட்டரில் ஒரு படுக்கையறை கொண்டோ (அடுக்குமாடிக் குடியிருப்பு) 25 லட்சம் பாட்டுக்கு (தாய்லாந்து நாணயம்) வருகிறது. அதே கட்டடத்தில் அதே அளவுள்ள இன்னொன்று, கம்பெனி பெயரில் இருப்பது, 21 லட்சத்துக்கே கிடைக்கும் என்கிறார் ஏஜென்ட். நாள் வாடகைக்கு விட்டுவிட்டு மூன்று வருடத்தில் விற்றுவிடலாம் என்று நினைக்கிறேன். வாங்கலாமா, எதை வாங்கலாம்?

பதில்: வாங்குவதில் பெரிய சிக்கல் இல்லை. தாய்லாந்தில் வெளிநாட்டவர் நிலம் வாங்க முடியாது, கொண்டோ வாங்கலாம். 1979ஆம் ஆண்டின் கொண்டோமினியம் சட்டமும் பிற்பாடு வந்த திருத்தங்களும் அதற்கு இடம் தருகின்றன. உங்கள் பெயரிலேயே பத்திரம் கிடைக்கும். ஆனால் நீங்கள் மூன்று வருடத்தில் விற்கப்போவதாகச் சொல்கிறீர்கள். அதனால் வாங்கும் கதையை விட்டுவிட்டு, விற்கும் நாளிலிருந்து பின்னோக்கிப் பார்ப்போம்.

முதலில் அந்த 21 லட்சம் யூனிட்டை மறந்துவிடுங்கள். அது ஏன் மலிவு என்று புரிந்துகொள்ள 49 சதவீத விதி தெரிய வேண்டும். ஒரு கட்டடத்திலுள்ள எல்லா யூனிட்களின் மொத்தப் பரப்பளவில் 49 சதவீதம் வரைதான் வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். யூனிட் எண்ணிக்கையில் அல்ல, பரப்பளவில். மிச்சம் 51 சதவீதம் தாய்லாந்துக்காரர்களுக்கோ தாய்லாந்து நிறுவனங்களுக்கோ உரியது. பட்டாயா மாதிரி வெளிநாட்டவர் குவிகிற ஊரில் கடற்கரையோரக் கட்டடங்களில் அந்த 49 சீக்கிரம் நிரம்பிவிடும். அப்போது மிச்சத்தை விற்க ஒரு கம்பெனியைத் தொடங்கி, பேருக்குச் சில தாய்லாந்துக்காரர்களைப் பங்குதாரராகப் போட்டு, யூனிட்டைக் கம்பெனி பெயரில் எழுதுகிறார்கள். அந்தப் பங்குதாரர்கள் உண்மையில் பணம் போடாத பினாமிகள் என்றால் அது சட்டவிரோதம். அதிகாரிகள் இதைத் தோண்டவும் செய்கிறார்கள். மாட்டாமல் இருந்தாலும் வருடா வருடம் கம்பெனிக்குக் கணக்குத் தாக்கல் செய்யும் செலவு உண்டு. விற்கும்போது இன்னும் மோசம். வெளிநாட்டவருக்கான அந்த 49 சதவீதக் கோட்டாவில் இடம் இல்லாவிட்டால் அதை ஒரு வெளிநாட்டவர் பெயருக்கு நேராக மாற்ற முடியாது. உங்களைப் போலவே அந்த ஏற்பாட்டுக்குச் சம்மதிக்கும் ஒருவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆக, நாலு லட்சம் குறைவு என்பது தள்ளுபடி இல்லை, அந்த யூனிட்டின் உண்மையான விலையே அதுதான்.

25 லட்சம் யூனிட் வெளிநாட்டவர் கோட்டாவில் இருந்தால் கதை வேறு. அதை நாளைக்குத் தாய்லாந்துக்காரருக்கும் விற்கலாம், வெளிநாட்டவருக்கும் விற்கலாம். கோட்டாவில்தான் இருக்கிறது என்று ஏஜென்ட் வாயால் சொன்னால் போதாது, கட்டடத்தின் நிர்வாக அலுவலகம் கடிதமாகத் தர வேண்டும். இந்த 49ஐ 75 ஆக உயர்த்தும் பேச்சு 2024இல் அடிபட்டது. அதை நம்பிக் கம்பெனி யூனிட் வாங்கச் சொன்னால் கேட்காதீர்கள்.

அடுத்தது பணம் வரும் வழி. வாங்குபவர்கள் அலட்சியப்படுத்தி, விற்கும்போது வருந்துவது இதற்காகத்தான். வெளிநாட்டிலிருந்து அந்நியச் செலாவணியாக வந்த பணத்தில் வாங்கியிருக்கிறீர்கள் என்பதை நில அலுவலகத்தில் நிரூபிக்க வேண்டும். அதாவது சிங்கப்பூர் டாலராகவே அனுப்பி, தாய்லாந்து வங்கியில் பாட்டாக மாற வேண்டும். 50,000 அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட தொகைக்கு வங்கி ஒரு படிவம் தரும், எஃப்.இ.டி. என்பார்கள். அதற்குக் கீழே என்றால் வங்கியின் கடிதம் போதும். அனுப்புகிற இடத்திலேயே பாட்டாக மாற்றி அனுப்பினால் அந்தத் தாள் கிடைப்பது கஷ்டம். ஃபோனிலிருந்து, சிங்கப்பூரையும் தாய்லாந்தையும் இணைக்கும் பேநவ்–பிராம்ப்ட்பே பணப் பரிமாற்றச் சேவை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புவது இதற்கு உதவாது. அனுப்புபவர் பெயரும் பத்திரத்தில் வரப்போகும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், அனுப்பும் காரணம் ‘கொண்டோ வாங்க’ என்று தெளிவாக இருக்க வேண்டும். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு தம்பதி, பத்திரம் மனைவி பெயரில் வர வேண்டியிருக்க, முழுப் பணத்தையும் கணவர் கணக்கிலிருந்து அனுப்பிவிட்டார்கள். பதிவு நாளுக்கு மூன்று நாள் முன்புதான் அது தெரியவந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். விற்ற பணத்தைத் திரும்ப வெளியே கொண்டுபோகும் நாளில் தாய்லாந்து வங்கி முதலில் கேட்பதும் இந்தத் தாளைத்தான். பத்திரத்தோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.

சரி, இப்போது கணக்கு. அரசு மதிப்பீடு 20 லட்சம் பாட் என்று வைத்துக்கொள்வோம். அது பெரும்பாலும் சந்தை விலைக்குக் கீழேதான் இருக்கும். பெயர் மாற்றக் கட்டணம் மதிப்பீட்டில் 2 சதவீதம், அதாவது 40,000 பாட். ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்த யூனிட் கைமாறும் ரீசேலில் இருதரப்பும் பாதிப்பாதி போடுவது வழக்கம் என்பதால் வாங்கும்போது உங்கள் பங்கு 20,000. பராமரிப்புக் கட்டணம் சதுர மீட்டருக்கு மாதம் 40 பாட் என்றால் மூன்று வருடத்துக்கு ஏறக்குறைய 49,000. நில, கட்டட வரி சில நூறு பாட்தான், அதைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

விற்கும்போதுதான் அடி விழும். ஐந்து ஆண்டு முடியும் முன் விற்றால் ‘குறிப்பிட்ட வணிக வரி’ என்ற பெயரில் 3.3 சதவீதம். விற்பனை விலை, மதிப்பீடு இரண்டில் எது அதிகமோ அதன் மேல். 25 லட்சத்துக்கே விற்றாலும் 82,500 பாட். வருமான வரிப் பிடித்தம் மதிப்பீட்டையும் வைத்திருந்த வருடங்களையும் வைத்துப் போடப்படும்; மூன்று வருடத்துக்கு ஏறக்குறைய 23,000. இந்த இரண்டும் லாபத்தின் மேல் வரும் வரி அல்ல என்பதைக் கவனியுங்கள். நஷ்டத்துக்கு விற்றாலும் கட்டியே ஆக வேண்டும். ஏஜென்ட் கமிஷன் பட்டாயாவில் பெரும்பாலும் 5 சதவீதம், விற்பவர் தலையில். அது 1,25,000. பெயர் மாற்றத்தில் பாதி இன்னொரு 20,000. எல்லாம் கூட்டினால், வாங்கிய விலைக்கே விற்றால்கூடச் சுமார் 3,20,000 பாட் கையைவிட்டுப் போகும். போட்ட பணம் முழுசாகத் திரும்ப வேண்டும் என்றால் ஏறக்குறைய 28 லட்சத்து 50 ஆயிரத்துக்கு விற்க வேண்டும், அதாவது மூன்று வருடத்தில் 14 சதவீத ஏற்றம். ஐந்து ஆண்டு தாண்டிவிட்டால் 3.3 சதவீதம் போய், அதற்குப் பதில் 0.5 சதவீத முத்திரைத் தீர்வை மட்டும் வரும். அதனால் வாங்குவதென்றால் ஐந்து வருடத்துக்குக் குறையாமல் திட்டமிடுங்கள்.

அந்த 14 சதவீதம் ஏறுமா? பழைய கொண்டோவுக்குப் பட்டாயாவில் பெரிய போட்டியே புதிய கொண்டோதான். எதிர்த் தெருவில் கட்டிக்கொண்டிருக்கும் நிறுவனம், கட்டடம் முடியும்வரை பணத்தைத் தவணையில் செலுத்தலாம் என்கிறது. உங்களிடம் வாங்குபவரோ முழுத் தொகையையும் ரொக்கமாகக் கொண்டுவர வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டவருக்குத் தாய்லாந்து வங்கிகள் வீட்டுக் கடன் கொடுப்பது அபூர்வம். போதாததற்கு, வாங்குபவரின் நாட்டில் என்ன நடக்கிறது என்பதும் உங்கள் விலையைத் தீர்மானிக்கும். 2014 இறுதியில் ரூபிள் சரிந்தபோது ரஷ்யர்களை நம்பியிருந்த ஜோம்தியனில் வாங்க ஆள் குறைந்தது. அதனால் விலையைப் பேசும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: அந்தக் கட்டடத்தில் இப்போது எத்தனை யூனிட் விற்பனைக்கு நிற்கிறது? போன வருடம் எத்தனை கை மாறியது? முதல் எண் பெரிதாகவும் இரண்டாவது சிறிதாகவும் இருந்தால் வேறு கட்டடம் பாருங்கள்.

பழையதில் ஒரு நல்லதும் உண்டு: கட்டடம் கண்ணெதிரே நிற்கிறது. பட்டாயாவின் பாலி ஹாய் படகுத்துறை அருகே 50 மாடிகளுக்கு மேல் எழுந்த ஒரு கட்டடம், விரிகுடாவின் காட்சியை மறைக்கிறது என்ற புகாரால் 2014இல் பாதியில் நிறுத்தப்பட்டது. அதில் முன்பணம் கட்டியவர்களை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

நாள் வாடகைத் திட்டத்தையும் கைவிடுங்கள். 30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விட்டால், 2004ஆம் ஆண்டு ஹோட்டல் சட்டப்படி உரிமம் வேண்டும். இல்லாவிட்டால் 20,000 பாட் வரை அபராதம், தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் 10,000 வரை, ஓராண்டு வரை சிறைக்கும் இடமுண்டு. எல்லாரும்தானே செய்கிறார்கள் என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுக்கும்வரை அது சரி. நவம்பர் முதல் பிப்ரவரி வரையான சீசனில் மாத வாடகைக்கு விடுவது சட்டப்படி சரியானது, வருமானத்தை அதை வைத்தே கணக்கிடுங்கள்.

இந்தியா பக்கம் ஒரு விஷயம். வெளிநாட்டில் வசிக்கும் காலத்தில் வாங்கிய சொத்தை, நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் வைத்திருக்க ஃபெமா எனப்படும் இந்திய அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் 6(4) பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் வருமான வரிச் சட்டப்படி இந்தியாவில் ‘சாதாரண வசிப்பாளர்’ ஆன பிறகு வருமான வரித் தாக்கலில் வெளிநாட்டுச் சொத்தாகக் காட்டியாக வேண்டும். தமிழ்நாட்டில் இருந்தே வாங்க நினைப்பவர்களுக்கு, ஒரு நிதியாண்டில் ஆளுக்கு 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதி உண்டு. 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட பகுதிக்கு வங்கி 20 சதவீதம் வரி பிடிக்கும், அதைத் தாக்கலில் ஈடுகட்டிக்கொள்ளலாம்.

ஐந்து வருடம் பணத்தை முடக்க முடியும், வருடத்துக்கு நாலைந்து வாரமாவது குடும்பத்தோடு போய்த் தங்குவீர்கள் என்றால் அந்த 25 லட்சம் யூனிட்டை இன்னும் கொஞ்சம் பேரம் பேசி வாங்கலாம். மூன்று வருடத்தில் லாபம் என்பதுதான் நோக்கம் என்றால் வேண்டாம். வாங்குவதென்று முடிவெடுத்தால், முன்பணம் கொடுக்கும் ஒப்பந்தத்தில் இதை எழுதச் சொல்லுங்கள்: பதிவு நாளில் வெளிநாட்டவர் கோட்டாக் கடிதமும், பராமரிப்பு பாக்கி இல்லை என்ற சான்றும் விற்பவர் தர வேண்டும், தராவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்பி வர வேண்டும். இதற்கு விற்பவர் சம்மதிக்கும்வரை ஒரு பாட் கூடக் கொடுக்காதீர்கள்.